நீ சொன்ன நம்பர், நான் திருப்பிய மீட்டர்

கண்ணு,

புதன்கிழமை உனக்குக் கல்யாணம். வீட்டு வாசலில் பந்தல்காரர் மூங்கில் இறக்கிக்கொண்டிருக்கிறார். உன் அம்மா காலையிலிருந்து மூன்று முறை என்னைத் தேடி ஆள் அனுப்பிவிட்டாள். வாழைத்தார் யார் வாங்குவது, மைக் செட்டுக்கு யார் சொல்வது என்று அவளுக்கு ஆயிரம் கவலை. நானோ கடையின் பின்னறையில் பழைய டயர்களுக்கு நடுவே உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒரே கூரைக்கு அடியில் இருக்கிற மகனுக்கு எதற்குக் கடிதம் என்று நீ சிரிப்பாய். நேரில் சொல்லிவிடலாம் என்றுதான் இந்த வாரம் முழுக்க முயன்றேன். உன் முகத்தைப் பார்த்ததும் "சட்டை தெச்சு வந்துருச்சா?" என்பதற்கு மேல் வாயில் ஒன்றும் வரவில்லை. நம் வீட்டில் அப்பனும் மகனும் பேசிக்கொள்வதெல்லாம் உன் அம்மா வழியாகத்தானே! இதை மட்டும் அவள் வழியாகச் சொல்லி அனுப்ப முடியாது. கல்யாணம் முடிந்த பத்தாம் நாள் நீ ஓசூருக்குக் குடிபோகிறாய். அதற்குள் சொல்லியாக வேண்டும். இந்தக் கடிதம் வேறு யார் கையில் கிடைத்தாலும் படிக்கட்டும், இதில் ஒளிக்க ஒன்றுமில்லை.

உனக்கு நான் நன்றி சொல்ல வேண்டும். நீ பீளமேட்டில் இன்ஜினியரிங் இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தபோதே சொல்லியிருக்க வேண்டியது. அன்றைக்கு நன்றிக்குப் பதிலாக உன் கன்னத்தில் ஓர் அறை கொடுத்தேன். அதற்கு இத்தனை வருஷத்தில் நான் மன்னிப்பும் கேட்கவில்லை, நீயும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த அறை எதற்கு விழுந்தது என்பது உனக்கும் எனக்கும் தெரியும். ஆனால் அந்தச் சமயத்தில் என் பக்கத்தில் என்ன ஓடிக்கொண்டிருந்தது என்பது உனக்குத் தெரியாது. அதனால் முதலிலிருந்து சொல்கிறேன்.

நம் கடைப் பலகையில் "கார் கன்சல்டிங்" என்று பெரிதாக எழுதியிருக்கிறது. யாரும் யாருக்கும் ஆலோசனை சொல்கிற கடை அல்ல அது. ஒருவர் விற்கிற பழைய காரை வாங்கி, கழுவித் துடைத்து, இன்னொருவர் தலையில் கட்டுகிற தொழில். நம் காட்டுக் கிணறு வற்றிப்போன வருஷம் நான் இதற்குள் வந்தேன். எனக்கு முன்னால் இருந்தவர்கள் என்ன செய்தார்களோ அதையே நானும் கற்றுக்கொண்டேன். வண்டி வந்ததும் தேய்ந்த பிரேக் பெடல் ரப்பரைக் கழற்றிவிட்டுப் புதிது போடுவோம். சீட்டுக்குப் புது உறை, ஸ்டியரிங்குக்கு ஒரு உறை, காலடிக்கு மேட். கடைசியாக மீட்டர். வண்டி இதுவரை எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று காட்டுகிற ஐந்து சின்னச் சக்கரங்கள், ஒவ்வொன்றிலும் பூஜ்யத்திலிருந்து ஒன்பது வரை. டேஷ்போர்டிலிருந்து மீட்டரைக் கழற்றி, பின்பக்க மூடியைத் திறந்து, ஊசி முனையால் பல் பல்லாகத் தள்ளினால் எண்பதாயிரம் முப்பதாயிரம் ஆகிவிடும். கார் வாங்க வருகிறவர்கள் என்ஜினைத் திறந்து பார்ப்பதற்கு முன்னால் இந்த எண்ணைத்தான் எட்டிப் பார்ப்பார்கள். கடைத் தெருவில் எல்லோரும் செய்ததுதான், ஆனால் சக்கரங்களைக் கோணல் இல்லாமல் ஒரே வரியில் நிறுத்துவதில் என்னை அடிக்க ஆள் கிடையாது. அதில் எனக்குப் பெருமை வேறு.

அந்த அம்பாசிடர் வந்தது உன் பிளஸ் டூ பரீட்சை முடிந்த லீவில். நீயும் மறந்திருக்க மாட்டாய். ஆர்.சி. புத்தகத்தில் கோயமுத்தூர் ரேஸ்கோர்ஸ் முகவரி இருந்தது. எஸ்டேட் முதலாளி இருந்தது ரேஸ்கோர்ஸ், வண்டி ஓடியதெல்லாம் வால்பாறை. எஸ்டேட் மேனேஜரைச் சுமந்துகொண்டு அந்த நாற்பது கொண்டை ஊசி வளைவுகளிலும் வருஷக்கணக்கில் ஏறி இறங்கிய வண்டி. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கறிச்சோறு தின்ற பிறகு மீட்டரைத் துண்டில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். சாப்பாட்டு மேசை மேல் பேப்பர் விரித்து, உன் அம்மாவின் தையல் பெட்டியிலிருந்து ஊசி எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கண்ணாடி எங்கேயோ வைத்துவிட்டதால் பழைய எண்ணை நீதான் படித்துச் சொன்னாய். பிறகு நான் கேட்டேன், "ஒரு நல்ல நம்பராச் சொல்லு சாமி, கூட்டினா ஒம்பது வரோணும்." ஒன்பது வந்தால் வண்டி சீக்கிரம் விற்கும் என்று நம் தெருவில் ஒரு நம்பிக்கை. பொய் சொல்வதற்கும் ராசி பார்த்த ஆட்கள் நாங்கள். நீ ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, "நாப்பத்தோராயிரத்துப் பதிமூணு வைங்கப்பா. ரவுண்டா இருந்தாத்தான் சந்தேகம் வருமுங்க, பதிமூணுன்னா யாரும் வேணும்னே வைக்க மாட்டாங்க" என்றாய். நான் வாய்விட்டுச் சிரித்தேன். "பாத்தியா, என்ற பையன் மூளைய" என்று உன் அம்மாவைக் கூப்பிட்டுச் சொன்னேன். என் வாழ்க்கையில் நான் மிகவும் வெட்கப்படுவது அந்தச் சிரிப்புக்குத்தான். மீட்டரைத் திருப்பியதாவது என் கை செய்தது, எண்ணை உன் வாயால் சொல்லவைத்தேனே!

வண்டியை வாங்கியவர் மேட்டுப்பாளையம் ரஹீம் பாய், பாக்கு மண்டி வைத்திருந்தவர். பத்து வருஷம் ஸ்கூட்டரிலும் பஸ்ஸிலும் அலைந்துவிட்டு முதன்முதலாகக் கார் வாங்க வந்தார். குன்னூர் போகிற மலைப்பாதையில் பர்லியாறு பாக்குத் தோப்புகளுக்கு வாரம் இரண்டு முறை போய்வர வேண்டும் என்றார். கூடவே டிரைவர் மயில்சாமி. மயில்சாமி டிக்கியைத் திறந்தான், டயரை உதைத்தான், அடியில் குனிந்து பார்த்தான். பாய் மீட்டரைப் பார்த்தார். "நாப்பத்தோராயிரம்தானுங்களா?" என்று கேட்டார். "ரேஸ்கோர்ஸ் வண்டிங்க பாய், ஊட்டுக்கும் கிளப்புக்கும் போனதோட செரி" என்றேன். அவர் பையிலிருந்து ஒரு சின்ன டைரியை எடுத்து முதல் பக்கத்தில் அந்த எண்ணை எழுதிக்கொண்டார். அந்த டைரியைப் பார்த்தபோதே எனக்கு நெஞ்சில் உறுத்தியிருக்க வேண்டும். உறுத்தவில்லை. ஒழுங்கான மனுஷன், தொந்தரவு தர மாட்டார் என்றுதான் நினைத்தேன்.

அவர் நான் நினைத்ததைவிட ஒழுங்கானவராக இருந்ததுதான் வினையாகப் போனது. மூவாயிரம் கிலோமீட்டர் ஆனால் ஆயில் மாற்றுவார், ஐயாயிரம் ஆனால் கிரீஸ் அடிப்பார். பிரேக்குக்குள் இருக்கிற ரப்பர், சக்கரத்துக்குப் போகிற ரப்பர் குழாய் எல்லாவற்றையும் அறுபதாயிரத்தில் மாற்றினால் போதும் என்று அவருடைய மெக்கானிக் சொன்னதையும் டைரியில் எழுதி வைத்திருந்தார். ஏனோதானோ என்று வண்டி வைத்திருக்கிறவனாக இருந்தால், சத்தம் மாறினாலே ஒர்க் ஷாப்பில் கொண்டுபோய் விட்டிருப்பான். எழுதி வைத்து நடக்கிறவர் எண்ணை நம்பினார். ஒன்றரை வருஷம் கழித்து ஒரு நாள் நடுப்பகலில், பர்லியாற்றிலிருந்து இறங்கிக் கல்லாறு வரப் போகிற வளைவில் மயில்சாமி பிரேக்கை மிதித்தான். பெடல் அப்படியே தரையோடு போய்விட்டது. எதிரே பஸ் ஏறிக்கொண்டிருந்தது, வலது பக்கம் பள்ளம். கியரைக் குறைத்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, இடது பக்கப் பாறையில் வண்டியை உரசவிட்டு நிறுத்தினான். பாய்க்குத் தொடை எலும்பு முறிந்தது. மயில்சாமிக்கு நெற்றியில் தையல்.

இரண்டு மாசம் கழித்து, உடைந்த வண்டியை விற்றுவிடலாமா என்று கேட்டு பாய் வீட்டிலிருந்து கடைக்குப் போன் வந்தது. அன்று உனக்குக் காலேஜ் லீவு. "நானும் வரனுங்ப்பா" என்று நீயும் பஸ் ஏறிவிட்டாய். மேட்டுப்பாளையத்து ஷெட்டில் வண்டி முகம் நசுங்கி நின்றது. மெக்கானிக் கிழிந்த ரப்பர் குழாயைக் கையில் எடுத்துக் காட்டினார். "டிரைவர் பிரேக் புடிக்கலீன்னு சொல்றானுங்க. அம்பத்திரண்டாயிரம் ஓடுன வண்டில ஓஸ் தானா எப்படீங்க வெடிக்கும்? பாறைல மோதுனதுல கிழிஞ்சதுங்க இது. தூங்கிப்போட்டான், இல்லீன்னா தண்ணி போட்டிருப்பான். மொதலாளி வேலைய விட்டு நிறுத்திப்போட்டாருங்க" என்றார். நீ ஜன்னல் வழியாகக் குனிந்து மீட்டரைப் பார்த்தாய். ஐம்பத்திரண்டாயிரத்து நானூற்றுப் பதினேழு. பிறகு திரும்பி என்னைப் பார்த்தாய். நான் டயரைப் பார்த்தேன். திரும்பி வருகிற பஸ்ஸில் கோயமுத்தூர் வரைக்கும் நீ ஜன்னலுக்கு வெளியேதான் பார்த்துக்கொண்டு வந்தாய்.

வீட்டுக்குள் நுழைந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டாய். "ஏனுங்ப்பா, மயில்சாமியண்ணங்கிட்டப் போய்ச் சொல்ல வேண்டாமுங்களா?" நான் எனக்குத் தெரிந்த சமாதானமெல்லாம் சொன்னேன். எல்லாரும் செய்கிறதுதான், வாங்குகிறவன் பார்த்து வாங்க வேண்டும், யாரும் சாகவில்லை, பாய்க்கு வேறு வண்டி குறைத்துக் கொடுத்துவிடுகிறேன், அந்த டிரைவருக்கு வேறு இடத்தில் வேலைக்குச் சொல்லிவிடுகிறேன். நீ எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நம்பர் சொன்னது நானுங்ப்பா. நீங்க போகலீன்னா நான் போறனுங்க" என்றாய். அப்போதுதான் அறைந்தேன். கோபத்தில் அறைந்தேன் என்று நீ நினைத்திருப்பாய். கோபமில்லை கண்ணு, பயம். கடை போய்விடும், கேஸ் வரும், தெருவில் தலைகாட்ட முடியாது என்ற பயம். எல்லாவற்றுக்கும் மேலே, என் மகன் என்னை அப்படிப் பார்த்துவிட்டானே என்ற பயம். சமையல்கட்டு வாசலில் நின்றிருந்த உன் அம்மா உள்ளே போய்த் தையல் பெட்டியிலிருந்து அந்த ஊசியை எடுத்துவந்து, என் கண் முன்னால் ஜன்னல் வழியாக வெளியே வீசினாள். "என்ற ஊசீல ஜாக்கெட் மட்டும் தெச்சிருக்கோணும். உங்க கைல குடுத்தது என்ற தப்பு" என்றாள். அன்று வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. மறுநாள் காலையில் நான் குளித்துவிட்டு வெளியே வந்தபோது, நீ சட்டை போட்டுக்கொண்டு, சிவந்த கன்னத்தோடு வாசல்படியில் உட்கார்ந்திருந்தாய். "போலாமுங்களா?" என்றாய். குறை சொல்லாத, குற்றம் சாட்டாத குரல். அந்தக் குரல் மட்டும் இல்லையென்றால் நான் போயிருக்க மாட்டேன்.

பாய் மண்டியின் முன்பக்கத்தில், கட்டுப் போட்ட காலை ஸ்டூலில் நீட்டி உட்கார்ந்திருந்தார். வாங்க வாங்க என்று நமக்கு டீ சொன்னார். டீ வருவதற்குள் சொல்லிவிட்டேன். வந்த பிறகு சொன்னால் அவருடைய டீயைக் குடித்துவிட்டுச் சொன்னதாகிவிடும் என்று ஏனோ தோன்றியது. அவர் கத்தவில்லை. மேசை இழுப்பறையிலிருந்து டைரியை எடுத்து முதல் பக்கத்தைத் திறந்து என் பக்கமாகத் திருப்பி வைத்தார். "உங்க நம்பர நம்பித்தானுங்க நானு இத்தனையும் எழுதி வெச்சிருக்கறேன்" என்றார். பிறகு, "நெசமான நம்பர் என்னங்க?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அந்த ஒரு வருஷத்தில் எத்தனை மீட்டர் திருப்பினேனோ, எதற்கு எது என்று யாருக்கு நினைவிருக்கும்? உண்மையைச் சொல்ல வந்த இடத்தில், சொல்வதற்கு என்னிடம் உண்மை இல்லை. அப்போது பின்னாலிருந்து நீ சொன்னாய். "தொண்ணூத்தி ஏழாயிரத்து அறநூத்தி நாப்பதுங்க. அப்பா திருப்பறதுக்கு முன்னால நாந்தானுங்க படிச்சேன்." பாய் பேனாவை எடுத்து, முதல் பக்கத்தில் இருந்த எண்ணை ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு, நீ சொன்னதை மேலே எழுதினார்.

"என்ற கால் ஒட்டிக்குமுங்க. எங்கிட்டச் சொல்றத அப்பறமேட்டுச் சொல்லிக்கலாம். அவனப் பொய்க்காரன்னு நானே சொல்லிப்போட்டனுங்க, நானே" என்றார் பாய். "கார் ஸ்டாண்டுல அத்தன பேரும் அவன எளக்காரமாப் பேசறாங்க. ஒருத்தரும் சாவி குடுக்கறதில்லைங்க. மார்க்கெட்டுல மூட்டை தூக்கிட்டிருக்கறான். நீங்க அங்க போய், அத்தன பேரு முன்னால சொல்லோணுமுங்க." அவரால் எழுந்து நடக்க முடியாது. இரண்டு ஆட்கள் தாங்கிப் பிடிக்க, ஆட்டோவில் ஏறி அவரும் வந்தார். மயில்சாமியை ஆள் விட்டு அழைத்துவரச் சொன்னார். உருளைக்கிழங்கு மூட்டை தூக்கி மண் ஒட்டிய தோளோடு அவன் வந்து ஒதுங்கி நின்றான். ஸ்டாண்டில் பத்துப் பன்னிரண்டு டிரைவர்கள். நான் சொன்னேன். மீட்டரைத் திருப்பியது நான், வண்டி லட்சம் கிலோமீட்டருக்கு மேல் மலையில் ஓடியது, பிரேக் போனது என்னால், இவன் சொன்னது உண்மை. என் குரல் எனக்கே கேட்கவில்லை. "சத்தமாச் சொல்லுங்க" என்றான் ஒருவன். இன்னொரு முறை சத்தமாகச் சொன்னேன். ஒருவர் காறித் துப்பினார். இன்னொருவர் சட்டையைப் பிடிக்க வந்தார், நீ நடுவில் புகுந்து நின்றாய்.

மயில்சாமி திட்டுவான் என்று எதிர்பார்த்தேன், அடித்தாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தேன். அவன் என் பக்கத்தில் வந்து, மிகவும் மெதுவாகக் கேட்டான். "அப்பொ நானு மிதிச்சனுங்களாண்ணா?" எனக்கு முதலில் புரியவில்லை. "எல்லாருஞ் சொல்லிச் சொல்லி எனக்கே சந்தேகமாப் போச்சுங்க. தூங்கித்தான் போட்டனோ, மிதிச்சேன்னு நெனச்சிட்டு மிதிக்காமயே உட்டுட்டனோன்னு. என்ற காலையே நான் நம்பறதில்லைங்க இப்பல்லாம்" என்று சொல்லிவிட்டுப் பிளாட்பாரத்தில் அப்படியே உட்கார்ந்து அழுதான். நான் அவனுடைய வேலையை மட்டும்தான் பறித்தேன் என்று நினைத்திருந்தேன். "மிதிச்சப்பா, நீ மிதிச்சே" என்று அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து சொன்னேன். நானும் அழுதேன். அது உனக்குத் தெரியும், நீ அங்கேதான் நின்றுகொண்டிருந்தாய். பாய் அன்றைக்கே அவனைத் திரும்ப வேலைக்குக் கூப்பிட்டார். ஒரு மாசம் கழித்துத்தான் அவன் சாவியைக் கையில் வாங்கினான்.

அந்த வண்டியை நான் திரும்ப எடுத்துக்கொண்டேன். பாய்க்குச் செய்ய வேண்டியதைச் செய்தேன், அது இங்கே பேச்சில்லை. வண்டியில் பிரேக் முழுவதையும் புதிதாகப் போட்டு, முகத்தை நிமிர்த்தி, பெயின்ட் அடித்தபோது நீதான் சொன்னாய், மீட்டரையும் சரிபண்ண வேண்டும் என்று. உன் அம்மா புது ஊசி ஒன்றை எடுத்து, "இந்த ஒருவாட்டிக்குத்தான்" என்று கொடுத்தாள். மறுபடியும் அதே மேசை, அதே மாதிரி விரித்த பேப்பர். பழைய தொண்ணூற்றேழாயிரத்தோடு பாய் ஓட்டிய பதினோராயிரத்துச் சொச்சத்தையும் கூட்டினால் ஒரு லட்சத்து ஒன்பதாயிரத்து நாற்பத்துநாலு வந்தது. மீட்டரில் இருப்பதோ ஐந்து சக்கரம். லட்சம் தாண்டியதைக் காட்ட இடமில்லை. சரியான எண்ணை வைத்தால் வெறும் ஒன்பதாயிரத்து நாற்பத்துநாலு என்று, நான் வாழ்க்கையில் வைத்ததிலேயே பெரிய பொய் மாதிரி நின்றது! நாம் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அறைந்த நாளுக்குப் பிறகு முதன்முறையாகச் சேர்ந்து சிரித்தது அப்போதுதான். நீ சிவப்புப் பெயின்ட்டில் ஒரு குச்சியைத் தோய்த்து, மீட்டர் கண்ணாடியில் அந்த எண்ணுக்கு இடது பக்கம் "1" என்று எழுதினாய். ஒரு விஷயம் உன்னிடம் சொல்லவில்லை, திட்டுவாய் என்று. பழக்கதோஷத்தில் அந்த எண்ணைக் கூட்டிப் பார்த்தேன். ஒன்பதுதான் வந்தது.

அதற்குப் பிறகு கடை எப்படி நடந்தது என்பது நீ பார்த்ததுதான். ஒரு வருஷம் ஈ ஓட்டினேன். தெருவில் மற்ற கன்சல்டிங்காரர்கள் என்னிடம் பேசுவதை நிறுத்தினார்கள். என்னால், வாங்க வருகிறவர்கள் அவர்களுடைய வண்டியையும் சந்தேகமாகப் பார்க்கிறார்களாம். ஒவ்வொரு வண்டியின் கண்ணாடியிலும் அது ஓடிய தூரம், எந்த ஊர், எந்த ரோடு, என்ன மாற்றவேண்டியிருக்கும் என்று சாக்பீஸில் எழுதி நிறுத்தினேன். மீட்டர் திருப்பப்பட்ட வண்டி வந்தால், "நம்ப வேண்டாம், எல்லா ரப்பரையும் மாற்று" என்று எழுதினேன். முதலில் சிரித்தார்கள். பிறகு பெண்டாட்டி பிள்ளைகளோடு மலைக்குப் போகிறவர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். பாய் என்னிடம் மறுபடி வண்டி வாங்கவில்லை. ஆனால் தன் மருமகனை அனுப்பினார். அந்த மருமகன் கடைக்குள் வந்து, "மாமா சாக்பீஸ்ல எழுதறவரு கடைக்குப் போகச் சொன்னாருங்க" என்றபோது கையிலிருந்த சாக்பீஸைப் பையில் போட்டுக்கொண்டு அவருக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

உன் மாமனாரிடமும் நிச்சயத்துக்கு முன்னாலேயே இதையெல்லாம் சொல்லிவிட்டேன். பொள்ளாச்சித் தோப்பில் இளநீரைக் கையில் கொடுத்துவிட்டு முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். அப்புறம் தாடையைத் தடவிக்கொண்டே, "ஏனுங் சம்மந்தி, என்ற வண்டியும் கோயமுத்தூர்ல வாங்குனதுதானுங்க. உங்க கைப்பட்டதா இருக்குமுங்களா?" என்றார். "வாங்கறப்ப இருந்த நம்பரக் கூட்டிப் பாருங்க, ஒம்பது வந்துதுன்னா நாந்தானுங்க" என்றேன். மனுஷன் நிஜமாகவே வீட்டுக்குள் போய்ப் பழைய காகிதத்தைத் தேடினார். ஏழு வந்தது. அதற்குப் பிறகுதான் எனக்கு இளநீர் உள்ளே இறங்கியது. இப்படிப்பட்ட மனுஷர் வீட்டுப் பெண்ணை நீ கட்டிக்கொள்வதில் எனக்கு ரொம்ப சந்தோஷம்.

ஓசூரில் உனக்கு வேலை என்னவென்று அம்மா சொன்னாள். ஃபேக்டரியில் இரும்பு உருக்கி ஊற்றுகிற வார்ப்படம் சரியாக வந்திருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுகிற வேலையாம். எனக்குத் தெரிந்து, ஒரு நாள் ஒருவர் உன் பக்கத்தில் வந்து, "இதெல்லாம் எல்லா எடத்துலயும் உள்ளதுதானுங்க" என்று சொல்வார். நல்லவராகவே இருப்பார், உனக்கு டீயும் வாங்கிக் கொடுப்பார். அப்போது யாரை நினைத்துக்கொள்ள வேண்டும் என்று நான் உனக்குச் சொல்லத் தேவையில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். பொய்க் கையெழுத்து ஏனோதானோ என்று இருப்பவனை அவ்வளவாக ஒன்றும் செய்யாது. நம்பி, எழுதி வைத்து, ஒழுங்காக நடக்கிறவனைத்தான் அது தேடிப்போய் அடிக்கும். அவன் அடிபட்ட பிறகு, பழி அவனுக்கும் கீழே இருக்கிற ஒரு மயில்சாமி தலையில் விழும். உன் பெண்டாட்டியிடமும் எதையும் குறைத்துக் காட்டாதே. பயமாக இருந்தால் பயமாக இருக்கிறது என்று சொல். நான் உன் அம்மாவிடம் அப்படிச் சொல்லப் பழகுவதற்கு இருபது வருஷத்துக்கு மேல் ஆயிற்று. உனக்குப் பிறக்கிற பிள்ளை உன்னிடம் வந்து ஒரு தப்பைச் சுட்டிக் காட்டினால், கையை முதலில் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொள். இதை என் அனுபவத்தில் சொல்கிறேன்.

கல்யாணத்தன்று உன்னை மண்டபத்துக்கு அழைத்துப் போவது, விற்காமலே வைத்துக்கொண்ட நம் அம்பாசிடர்தான். புது வண்டி வாடகைக்கு எடுக்கலாம் என்று உன் அம்மா சொல்லிப் பார்த்தாள். போன வாரம் பத்திரிகை வைக்கப் போனபோது மயில்சாமி, "தம்பி கல்யாணத்துக்கு நாந்தானுங்ணா ஓட்டுவேன்" என்று முந்திக்கொண்டான். பாய் அவனுக்கு இரண்டு நாள் லீவு கொடுத்து, தானும் குடும்பத்தோடு வருவதாகச் சொல்லியிருக்கிறார். உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். வண்டி தயாரான வாரம், நீ காலேஜில் இருந்தபோது, மயில்சாமி கடைக்கு வந்தான். "ஒருக்கா பர்லியாறு போய்ட்டு வரலாமுங்ணா, நானு ஓட்டறேன், நீங்க பக்கத்துல உக்காருங்க" என்றான். விபத்துக்குப் பிறகு அவன் ஸ்டியரிங் பிடித்தது அன்றுதான். மறுக்க எனக்கு என்ன வாய் இருக்கிறது? ஏறும்போது ஒன்றுமில்லை. இறங்கும்போது ஒவ்வொரு வளைவிலும் நான் என் காலடியில் இல்லாத பிரேக்கை அழுத்தி அழுத்தி மிதித்தேன். பாறையில் அந்த உரசல் இன்னும் இருந்தது. அவன் அதற்கு நேராக வந்ததும் பிரேக்கை மிதித்தான். வண்டி அலுங்காமல் நின்றது. அவன் என் பக்கம் திரும்பி, "நிக்குதுங்ளாண்ணா?" என்று கேட்டான்.  நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

அன்றிலிருந்து, நான் ஏறி அவன் ஓட்டுகிற எந்த வண்டியை நிறுத்தினாலும் அவன் அந்தக் கேள்வியைக் கேட்பான். ஒரு முறைகூட நான் வாய் திறந்து பதில் சொன்னதில்லை. புதன்கிழமை காலையில் நீ மாலையோடு முன் சீட்டில் உட்கார்ந்துகொள், நான் பின்னால் உன் அம்மாவோடு இருப்பேன். ஏறியதும் நீ எழுதிய அந்தச் சிவப்பு ஒன்றைப் பார். கொஞ்சம் மங்கியிருக்கிறது, ஆனால் அழியவில்லை. அதற்குப் பிறகு ஊசி அந்த மீட்டர் பக்கம் போகவில்லை. நீ மட்டும் அன்றைக்கு வாசல்படியில் உட்கார்ந்திருக்காவிட்டால் உனக்கு இப்படி எழுத எனக்கு முகம் இருந்திருக்காது. நன்றி, கண்ணு. அந்த அறைக்கு என்னை மன்னித்துவிடு. மண்டப வாசலில் வண்டி நிற்கும். மயில்சாமி கேட்பான். இந்த முறை நீ எனக்காகச் சத்தமாகச் சொல், "நிக்குதுங்ணா" என்று.

உன் அப்பா